தங்கத் தகடும் கடலைப் புண்ணாக்கும்: சில கேள்விகள், என் பதில்கள்

கோவையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் ஒளியை வைத்து நோய்க்கிருமி, நஞ்சு எல்லாம் கண்டுபிடிக்கும் உணரிகள் செய்கிறேன். வந்த கேள்விகளில் சில:

கோபிசெட்டிபாளையம், எம்.எஸ்ஸி. மாணவி: அக்கா, சர்ஃபேஸ் பிளாஸ்மான் ரெசனன்ஸ் என்று படித்தேன். நேரில் எப்படி இருக்கும்?

ஒரு கண்ணாடிப் ப்ரிசம், அதன் ஒரு முகத்தில் 50 நானோமீட்டர் தங்கம். வெளிச்சத்தில் பிடித்தால் தங்கத்தின் வழியே பச்சையாகத் தெரியும். கண்ணாடிப் பக்கமிருந்து சிவப்பு லேசரை அடித்துக் கோணத்தைத் திருப்பிக்கொண்டே போ. ஒரு கோணத்தில் திரும்பி வரும் ஒளி சட்டென்று இறங்கும். தங்கத்தின் எலக்ட்ரான்கள் அதை வாங்கிக்கொண்டன. தங்கத்தின் மேல் ஏதாவது ஒட்டினால் அந்தப் பள்ளம் நகரும். 1968-இல் கிரெட்ச்மன், ரேதர் என்ற ஜெர்மன் இயற்பியலாளர்கள் காட்டிய அமைப்பு இது. ஒளி அதிரும் திசையைத் தேர்ந்தெடுக்கும் வடிகட்டியான போலரைசரைத் தப்பாக வைத்தால் பள்ளமே வராது. நான் முதல் வாரம் முழுக்க இல்லாத பள்ளத்தைத் தேடினேன்.

காங்கேயம், மாடு வைத்திருப்பவர்: ஏனுங்க, பூசணம் பிடிச்ச கடலைப் புண்ணாக்கு வெச்சா பாலில் நஞ்சு வருமாம். காய்ச்சினா போயிருமுங்களா? உங்க மெஷின்ல பார்க்கலாமா?

காய்ச்சினால் போகாதுங்க அண்ணா. புண்ணாக்கில் இருக்கும் அஃப்ளாடாக்ஸின் பி1 என்ற பூசண நஞ்சு, மாட்டின் ஈரலில் எம்1 ஆக மாறிப் பாலில் இறங்குகிறது. இந்தியாவில் அனுமதித்த அளவு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். பத்தாயிரம் லிட்டர் டேங்கர் இருநூறு வண்டிப் பாலில் ஒரு கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பார்க்கலாம், ஆனால் நேரடியாக முடியாது. எங்கள் தகடு கிட்டத்தட்ட எடை போடுகிற மாதிரி. எம்1 மூலக்கூறின் எடை 328. அதைப் பிடிக்கும் ஆன்டிபாடி என்ற புரதமோ ஒன்றரை லட்சம். யானை மேல் ஈ உட்கார்ந்த கதை. அதனால் திருப்பிப் போடுகிறோம். எம்1-ஐ முன்பே தங்கத்தில் ஒட்டிவிட்டு, பாலில் அளந்த ஆன்டிபாடியைக் கலந்து கொஞ்ச நேரம் விடுவோம். பாலில் நஞ்சு இருந்தால் ஆன்டிபாடி அதைப் பிடித்துக்கொள்ளும். கை காலியாக இருப்பவை மட்டும் தகட்டில் வந்து உட்காரும். சிக்னல் குறையக் குறைய நஞ்சு அதிகம்.

இதுவரை ஒளி. அது சுலபமான பாதி. பாலை ஊற்றினால் கேசின் புரதம் தங்கம் முழுக்க அப்பிக்கொள்ளும், தோசைக்கல்லில் மாவு ஒட்டுகிற மாதிரி. எங்கள் ஆய்வகத்தில் தூய நீரில் அருமையாக வேலை செய்த சிப், பண்ணைப் பாலில் முதல் நாளே படுத்துவிட்டது. வேடிக்கை, இப்படி ஒட்டாமலிருக்க முன்கூட்டியே தடவுகிற பூச்சாகவும் பல ஆய்வகங்கள் கேசினைத்தான் பயன்படுத்துகின்றன. ‘எவ்வளவு நுண்ணியமாக அளந்தோம்’ என்று மட்டும் சொல்லி, எதில் அளந்தோம் என்று சொல்லாத பேப்பரை நான் நம்புவதில்லை.

மெஷின் வரும்வரை புண்ணாக்கை ஈரம் படாமல் வையுங்கள். பூசணம் கண்டதை மாட்டுக்கு வைக்காதீர்கள்.

பொள்ளாச்சி: மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டையும் இதே வகையா?

பங்காளி. அதில் தெரியும் சிவப்புக் கோடு பெரும்பாலும் நானோமீட்டர் அளவுத் தங்கத் துகள்தான். அந்த அளவுத் துகள் பச்சை ஒளியை விழுங்குவதால் சிவப்பாகத் தெரிகிறது. 1857-லேயே ஃபாரடே சிவப்புத் தங்கக் கரைசலைப் பற்றி எழுதிவிட்டார்.

ஈரோடு, மஞ்சள் வியாபாரி: லேசரை அடித்துக் கலப்பட மஞ்சளைப் பிடிக்கலாமா?

பொருளில் பட்டுச் சிதறும் ஒளியின் நிற மாற்றத்தை வைத்து அடையாளம் காணும் ராமன் முறையில் முடியுமுங்க. ஆனால் மஞ்சளின் குர்குமினே லேசர் பட்டால் ஒளிர்ந்து சிக்னலை மூடிவிடும். அந்த ஒளிர்வு குறைய 1064 நானோமீட்டர் லேசர் கேளுங்கள், விலை கூடும்.

கோவை, பிஎச்.டி. முதல் வருடம்: என் சிக்னல் மத்தியானம் ஆனால் நழுவுகிறது. ஆன்டிபாடி கெட்டதா, அக்கா?

முதலில் வெப்பமானியைப் பார், தம்பி. தகட்டின் மேல் ஓடும் தண்ணீரின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்ற அளவு) மாறினாலும் பள்ளம் நகரும்; அது ஒரு டிகிரிக்குப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மாறும். நீ தேடுவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 0.01 டிகிரி போதும், உன் கோடு சரிய. ஏசி ஓடுகிற அறையிலும் சிப்பின் அடியில் தனியாக வெப்பக் கட்டுப்பாடு வை. பக்கத்துச் சேனலில், அதாவது திரவம் ஓடும் இன்னொரு தடத்தில், ஆன்டிபாடி இல்லாத வெற்றுத் தகட்டை ஓட்டி, அதைக் கழி. அதற்குப் பிறகும் நழுவினால் எழுது, ஆன்டிபாடியைப் பார்ப்போம்.