ஊரிலிருந்து வருகிறார்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்துக்காரர்கள். கிறிஸ்தவ ஊழியத்துக்காக இலங்கையின் திருகோணமலைக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. உப்புவெளியில் இரண்டு அறை வாடகை வீடு. வருகிற மே மாதம் மாமனார், மாமியார், நாத்தனார், அவருடைய இரண்டு பிள்ளைகள் என ஐந்து பேர் மூன்று வாரம் தங்க வருகிறார்கள். சந்தோஷம்தான், ஆனால் தூக்கம் வரவில்லை. நாங்கள் காணிக்கைப் பணத்தில் வாழ்கிறவர்கள். அவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டினால் எங்களைத் தாங்குகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? காட்டாவிட்டால் நாத்தனார் என்ன நினைப்பார்? யார் வந்தாலும் ஊழியம் நிற்கக் கூடாது என்கிறார் கணவர். ஓய்வுபெற்ற போதகரான மாமனார், நாலு கூட்டத்திலாவது பேச வேண்டும் என்கிறார். நீங்கள் அங்கே இருந்தவர். என்ன செய்யட்டும்?

ஒரு சகோதரி

அன்புள்ள தங்கைக்கு,

மாமனார் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. சுற்றுலா விசாவில் வருகிறவர் கூட்டங்களில் பிரசங்கம் செய்யக் கூடாது. இலங்கைக் குடிவரவுத் துறை அதை விசா நிபந்தனை மீறலாகவே பார்க்கிறது. அவருக்கு வரும் சிக்கல் விமானம் ஏறியதும் தீர்ந்துவிடலாம். அங்கேயே இருக்க வேண்டிய உங்களுக்கு வரும் சிக்கல் அப்படித் தீராது. டிக்கெட் எடுப்பதற்கு முன்பே உங்கள் கணவர் தம் வாயால் இதை அப்பாவிடம் சொல்ல வேண்டும். மருமகள் சொன்னால் அது வேறு கதையாகிவிடும். ஞாயிறு ஆராதனையில் பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு, மகன் பேசுவதை அவர் கீழே உட்கார்ந்து கேட்கட்டும்.

நாங்கள் 2010 முதல் 2019 வரை திருகோணமலையில் இருந்தோம். 2012இல் அம்மா முதல்முறையாக வந்தார். அவர் வருவதற்கு ஒரு வாரம் முன்பே நான் வீட்டைப் பொய்யாக்கத் தொடங்கினேன். கடன் வாங்கிப் புதுக் கட்டில் போட்டேன். கிணற்றில் நீர் இறைக்கும் கயிற்றையும் வாளியையும் பின்கட்டில் ஒளித்துவைத்தேன். விடியுமுன் எழுந்து எல்லா வேலையையும் முடித்துவிட்டு, அம்மா எழும்போது ஒன்றுமே செய்யாதவள்போல் உட்கார்ந்திருப்பேன். அடுக்களைக்குள் வந்தால் “நீங்கள் போய் இருங்கள் அம்மா” என்பேன். இடையில் மூன்று நாள் என் கணவர் மூதூர்ப் பக்கம் கூட்டத்துக்குப் போய்விட்டார். நானும் போகச் சொன்னேன். நாங்கள் இல்லாமல் எதுவும் நடக்காது என்று அப்போது நம்பினோம்.

அம்மா பத்தே நாளில் திரும்பிவிட்டார். போய் என் அக்காவிடம் சொன்னாராம்: “அவளுக்கு நான் எதற்கு? எல்லாம் இருக்கிறது.” இரண்டு ஆண்டு கழித்துத்தான் அக்கா அதை என்னிடம் சொன்னாள். அன்றைக்கு நான் அழுத அழுகை இன்னும் நெஞ்சில் இருக்கிறது.

2015இல் அம்மா மறுபடி வந்தபோது கட்டில் இல்லை, பாய்தான். முதல் நாளே வாளியை எடுத்துக் கொடுத்தேன். கிணற்றடியில் நின்று முதலில் என்னைத் திட்டினார், பிறகு கயிற்றைக் கையில் வாங்கினார். பக்கத்து வீட்டு இஸ்லாமியப் பெண்மணி இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து தந்தார். நம் திருநெல்வேலியில் சொதி என்றால் மறுவீட்டு விருந்து அல்லவா? பாசிப்பருப்பு, காய்கள், தேங்காய்ப்பால், தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல் என்று அரை நாள் வேலை. அங்கே அது இடியப்பத்தின்மேல் ஊற்றுகிற, மஞ்சள் நிறத்தில் நீர்த்த தேங்காய்ப்பால். “இதுவா சொதி?” என்று அம்மா அவரிடமே கேட்டுவிட்டார். எனக்கு உயிர் போயிற்று. அந்தப் பெண்மணியோ, “அப்படியானால் உங்கள் சொதியை நாளைக்கு வைத்துக் காட்டுங்கள்” என்றார். மறுநாள் இரண்டு பேரும் எங்கள் அடுக்களையில் இருந்தார்கள். ஐந்து ஆண்டுகளாக வாசலோடு நின்று பேசிப் போனவர், அன்றைக்குத்தான் உள்ளே வந்தார். போகும்போது என்னிடம் சொன்னார்: “இன்றைக்குத்தான் நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தது.”

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். தாய் தகப்பன் யார், அண்ணன் தம்பி யார் என்று தெரியாதவரை நம் மக்கள் ஒருவரை மனதில் எங்கே உட்காரவைப்பது என்று தெரியாமல் தவிப்பார்கள். நாம் அங்கே போய் இறங்குகிறபோது வேரில்லாதவர்களாகத்தான் தெரிகிறோம். யார் அனுப்பினார்கள், எதற்கு வந்தார்கள் என்ற கேள்வி தெருவில் இருந்துகொண்டே இருக்கும். உங்கள் மாமியார் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தால் அந்தக் கேள்வியில் பாதி போய்விடும். அதனால் உங்கள் கணவரிடம் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன்: தம்பி, ஊழியம் நிற்காது. போரிலும் 2004 சுனாமியிலும் உறவுகளைப் பறிகொடுத்த ஊர் அது. பெற்றவர்கள் கடல் கடந்து வந்திருக்கும்போது நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போவதை ஊர்க்காரர்கள் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு நீங்கள் அன்பைப் பற்றிப் பேசினால் யார் கேட்பார்கள்? மூன்று வாரத்தில் ஒரு வாரமாவது முழுதாக வீட்டில் இருங்கள்.

மே மாதத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டில் அது கோடை விடுமுறை. இலங்கையில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் நடக்கும் காலம். நாத்தனார் பிள்ளைகள் விளையாடும்போது உங்கள் பிள்ளைகள் சீருடை போட வேண்டியிருக்கும். அழுவார்கள். பள்ளிக்கு அனுப்புங்கள், ஆனால் ஒரு நாள் தாத்தா கொண்டுபோய் விடட்டும்.

பணத்தைப் பற்றி: ஊழியத்துக்கென்று வந்த தொகையைத் தொடாதீர்கள். வீட்டுச் செலவுக்கென்று உங்களுக்குத் தருவது உங்கள் பணம், அதில் மாமியாருக்கு மீன் வாங்கிப் போட யாருடைய அனுமதியும் வேண்டாம். நாத்தனாரிடம் இப்போதே வெளிப்படையாகப் பேசுங்கள். புறாமலைத் தீவுக்குப் படகுக் கூலி உண்டு, தேசியப் பூங்கா என்பதால் நுழைவுக் கட்டணமும் உண்டு, அது உள்ளூர்க்காரருக்கும் வெளிநாட்டவருக்கும் ஒன்றல்ல. அவர்கள் போக விரும்பினால் அவர்கள் செலவில் போகட்டும். கோட்டைக்குள் மான்கள் திரிவதைப் பார்க்கப் பணம் வேண்டாம். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு விடியற்காலையில் போங்கள், வெயில் ஏறினால் தாங்காது.

அம்மாவை நான் அழைத்துப்போன இடங்களில் அவர் மறக்காதது ஒன்றுதான். நிலாவெளி வீதியில் இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் குண்டு வீசிய துறைமுகம் அல்லவா அது. பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது நிழலுக்காகத்தான் உள்ளே போனோம். அம்மா ஒவ்வொரு கல்லாக வயதை மட்டும் வாசித்துக்கொண்டே போனார். பத்தொன்பது, இருபது, இருபத்திரண்டு. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “இந்தப் பிள்ளைகளின் அம்மாமார் இங்கே வந்து பார்த்திருப்பார்களா?” எனக்கு 1819இல் பாஸ்டனில் கப்பலேறி வந்த அமெரிக்க மிஷனரி ஹாரியட் வின்ஸ்லோவின் நினைவு வந்தது. யாழ்ப்பாணத்து உடுவிலில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, ஊரை மறுபடி பார்க்காமலே 1833இல் அங்கேயே இறந்தவர். அவர் வந்துசேரவே மாதக்கணக்கில் ஆனது. என் அம்மா சென்னையிலிருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் கொழும்பு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து என்னிடம் வந்துவிட்டார். அவரைத்தான் நான் முதல் தடவை விருந்தாளியாக உட்காரவைத்தேன்.

அவர்கள் புறப்பட்ட மறுநாள் எந்தக் கூட்டத்தையும் வைத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகளுக்கு அந்த நாள்தான் கடினம். என் சின்னவன் ஆச்சி படுத்த பாயை மடிக்க விடவில்லை. ஒரு வாரம் அதில்தான் தூங்கினான். அது அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

அன்புடன்,
அக்கா