ஐ-யா, மீ-யா, மைசெல்ஃபா?

கேள்வி: 'ராஜா அண்ட் ஐ', 'ராஜா அண்ட் மீ' ரெண்டுல எது சரினு ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்றாங்க. வம்பே வேணாம்னு 'ராஜா அண்ட் மைசெல்ஃப்'னு எழுதிடறேன். ஓகேதானே?

பதில்: மைசெல்ஃப் அங்க வேணாங்க. ஐ, மீ ரெண்டுமே சரி, வாக்கியத்துல எந்த இடம்ங்கறதுதான் விஷயம். வேலையைச் செய்யறது நீங்கன்னா ஐ, செய்யற வேலை உங்க மேல வருதுன்னா மீ. தனியா வந்தா யாரும் தப்பு விடறதில்ல, பக்கத்துல இன்னொரு பேர் சேர்ந்ததும்தான் தடுமாறுது, அதனால அந்தப் பேரைத் தூக்கிட்டுப் படிச்சுப் பாருங்க. 'ஷி கால்டு ராஜா அண்ட் ஐ'ல ராஜாவை எடுத்தா 'ஷி கால்டு ஐ', காதே ஒத்துக்காது, அப்ப மீதான். 'ராஜா அண்ட் ஐ வென்ட் ஹோம்'ல எடுத்தா 'ஐ வென்ட் ஹோம்', கரெக்டா இருக்கு பாருங்க.

ஐ போட்டாதான் படிச்சவங்க இங்கிலீஷ்னு ஒரு நெனப்பு இருக்கு, அதுல நல்லா பேசறவங்களே 'பிட்வீன் யூ அண்ட் ஐ'னு சொல்லிடறாங்க. பிட்வீன், ஃபார், வித் மாதிரி ப்ரெபொசிஷன் வந்துட்டா பின்னாடி மீ, ஹிம், ஹர், அஸ், தெம் இதுங்கதான் வரணும்.

மைசெல்ஃப் எப்பன்னா, செய்யறதும் நான், அது நடக்கறதும் எனக்கேன்னா: 'ஐ ஹர்ட் மைசெல்ஃப்'. இல்ல நானேதான் செஞ்சேன்னு அழுத்திச் சொல்ல: 'ஐ குக்ட் இட் மைசெல்ஃப்'. இன்டர்வியூல 'மைசெல்ஃப் ராஜா'னு ஆரம்பிக்கறத மட்டும் தயவுசெஞ்சு விட்டுடுங்க, 'ஐ ஆம் ராஜா' போதும், அழகா இருக்கும்.

கேள்வி: ஒரே ஒரு ஆளைப் போய் 'தே'னு எழுதறாங்களே, அது பன்மையாச்சே?

பதில்: ஆணா பொண்ணானு தெரியாதப்ப அப்படி எழுதறது புதுசே இல்லங்க, 14-ம் நூற்றாண்டுலயே இருக்கு. 'சம்படி லெஃப்ட் தெயர் பேக்'னா பையை விட்டது யாருனே தெரியல, அங்க ஹிஸ் எப்படிப் போடறது? தன்னை ஹி, ஷி ரெண்டும் வேணாம், தே-னு சொல்லுங்கனு ஒருத்தர் கேட்டாலும் அதேதான். 2019-ல மெரியம் வெப்ஸ்டர் அகராதி அந்த வருஷத்தோட வார்த்தையா 'தே'யைத்தான் எடுத்தாங்க. யூ-வும் ஒரு காலத்துல பன்மைதான், ஒருத்தரைச் சொல்ல 'தௌ'னு தனியா இருந்துச்சு, அது வழக்கொழிஞ்சுபோய் இப்ப ஒருத்தர்னாலும் 'யூ ஆர்'தானே. அதே மாதிரி ஆள் ஒருத்தரா இருந்தாலும் 'தே ஆர்'தான், 'தே இஸ்' கிடையாது. பரீட்சையில திருத்தறவங்க ஒத்துக்குவாங்களோனு பயமா இருந்தா 'எவ்ரி ஸ்டூடண்ட்'டை 'ஆல் ஸ்டூடண்ட்ஸ்'னு மாத்திடுங்க, தே தானா பொருந்திடும்.