வீடு விற்கும்போது சோலார், மழைநீர்த் தாங்கி பற்றி எவ்வளவு சொல்ல வேண்டும்?

பண்டாரவளையில் வீட்டை விற்கிறீர்கள். சோலாரையும் மழைநீர்த் தாங்கியையும் விளம்பரத்தில் போட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. தாள்களையும் காட்ட வேண்டும்.

சோலாரில்தான் சிக்கல் அதிகம். "கரண்ட் பில்லே வராது" என்று வாய்விட்டுவிடாதீர்கள். மின்சார சபையோடு செய்த ஒப்பந்தம் எந்த வகை என்று முதலில் பாருங்கள். நெட் மீட்டரிங் என்றால் மிச்ச யூனிட் கணக்கில் சேரும், காசு கைக்கு வராது. நெட் அக்கவுண்டிங் என்றால் மிச்சத்துக்குப் பணம் கிடைக்கும். இரண்டும் பொதுவாக 20 வருட ஒப்பந்தம். ஆகவே எப்போது தொடங்கியது, எத்தனை வருடம் மிச்சம் என்பதுதான் வாங்குபவருக்கு முக்கியம். கணக்கைப் புது உரிமையாளர் பெயருக்கு மாற்றுவது பற்றியும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கடைசி 12 மாத பில்லையும் அப்படியே கொடுங்கள், மூடுபனி மாதங்களை ஒளிக்காமல். பேனலுக்கு எடுத்த வங்கிக் கடன் பாக்கி இருந்தால், வீட்டு உறுதி எழுதுமுன் சொல்லிவிட வேண்டும்.

தாங்கிக்குக் கொள்ளளவும், பீலி எந்தக் கூரைப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதும் போதும். ஊவாப் பக்கம் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை மழை குறைவு. அப்போது தண்ணீர் எத்தனை நாள் தாங்கும் என்று எப்படியும் கேட்பார்கள்.

என்னைக் கேட்டால், இவை எல்லாவற்றையும்விட பின்மதிலுக்கு மேலே தண்ணீர் வடியும் கான்தான் பெரிய விஷயம்; மண்சரிவுப் பயம் அங்கேதான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை கையில் இருந்தால் அதை முதலில் நீட்டுங்கள்.