பி.காம். முடித்த மகளுக்கு பி.எட்.: அசல் சான்றிதழைத் தரகரிடம் கொடுக்கலாமா?

கேள்வி: குடியாத்தத்தில் லுங்கித் தறி வைத்திருக்கிறேன். என் மகள் பி.காம். படித்து 61 சதவீதம் வாங்கியிருக்கிறாள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்கு வேலை பார்க்கிறாள். டீச்சராக வேண்டும் என்பது அவள் ஆசை. தெரிந்தவர் மூலம் ஒருவர் வீட்டுக்கு வந்தார். "இங்கே பி.காமுக்கு பி.எட். சீட்டு கிடையாது. ஆந்திரா பக்கம் ஒரு கல்லூரியில் வாங்கித் தருகிறேன். வகுப்புக்கு வர வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும், வேலையையும் விட வேண்டாம்" என்கிறார். மொத்தம் 90 ஆயிரமாம். இப்போது 15 ஆயிரம் முன்பணமும், பத்தாம் வகுப்பு முதல் டிகிரி வரை எல்லா ஒரிஜினல் சர்டிபிகேட்டும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். 15 ஆயிரம் போனால் ஆறு மாதம் தறி ஓட்டிச் சம்பாதித்துவிடலாம். சான்றிதழ் போனால் உங்கள் பெண்ணின் கையைக் கட்டிப் போட்ட மாதிரி. அதனால் முதலில் சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.

வந்த ஆள் சொன்னதில் ஒரு விஷயம் உண்மை. அந்த ஒரு உண்மையை வைத்துத்தான் மற்ற பொய்களை விற்கிறார். தமிழ்நாட்டில் வெறும் பி.காம். பட்டத்தோடு பி.எட். சேர முடியாது. மதிப்பெண் குறைவு என்பதால் அல்ல. 61 சதவீதம் நல்ல மதிப்பெண்தான். இளநிலைப் பட்டத்தோடு சேர்கிறவர்களுக்குப் பொதுப் பிரிவில் 50, பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 40 சதவீதம் இருந்தால் போதும். உங்கள் பெண்ணுக்குத் தடையாக இருப்பது அவர் படித்த பாடம்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் வருஷா வருஷம் நிறையப் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பள்ளியில் ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை இருப்பது தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல். அங்கே பாடம் எடுப்பவர் பட்டதாரி ஆசிரியர். அதனால் பி.எஸ்சி. கணிதமோ பி.ஏ. வரலாறோ படித்தவர் இளநிலைப் பட்டத்தோடு பி.எட். சேரலாம். வணிகவியலும் கணக்குப்பதிவியலும் பிளஸ் ஒன்னில்தான் தொடங்குகின்றன. பிளஸ் ஒன், பிளஸ் டூ எடுப்பவர் முதுகலை ஆசிரியர். வணிகவியலுக்குப் பட்டதாரி ஆசிரியர் பணியிடமே கிடையாது. இல்லாத பணியிடத்துக்குப் பயிற்சி எதற்கு என்பதால், வணிகவியலில் பி.எட். சேர எம்.காம். முடித்திருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். பொருளியல், மனையியல், அரசியல் அறிவியல், சமூகவியல், உளவியல், தத்துவம், தர்க்கவியல், இந்தியப் பண்பாடு ஆகிய பாடங்களுக்கும் இதே கதைதான். முதுநிலைப் பட்டம், அதில் 50 சதவீதம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குள்ளேயும் மூன்று வழுக்கல்கள் இருக்கின்றன. பட்டத்தின் பெயரில் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன் என்று இருப்பதால், பி.காம். சி.ஏ. படித்தவரைக் கணினி அறிவியலில் சேர்த்துவிடலாம் என்பார்கள். அது வணிகவியல் பட்டம்தான். எம்.பி.ஏ. இருக்கிறதே, அது எம்.காம். மாதிரிதானே என்பார்கள். அல்ல. எம்.பி.ஏ. நல்ல படிப்பாக இருக்கலாம், ஆனால் வணிகவியல் ஆசிரியர் பணிக்கு அது எம்.காமுக்கு ஈடாகாது. மூன்றாவதாக, எம்.காம். கஷ்டம், எம்.ஏ. பொருளியல் சுலபம், அதை முடித்துவிட்டு வரலாம் என்பார்கள். ஆசிரியர் தேர்வு வாரியம், அதாவது டி.ஆர்.பி., முதுகலை ஆசிரியர் பணிக்கு இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடத்தில் கேட்கிறது. பி.காமுக்கு மேல் பொருளியல் படித்தால் இரண்டு பக்கமும் நிற்காது. பி.காம்., எம்.காம்., பி.எட். என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

ஆந்திராவில் பி.காமுக்கு சீட்டு கிடைக்கும் என்கிறாரே, அது பொய்யா? பொய்யாக இல்லாமலும் இருக்கலாம். எந்தப் பட்டத்துக்கு எந்தப் பாடம் என்பதை அந்தந்த மாநிலம் தீர்மானிக்கிறது. இங்கே இல்லாத சேர்க்கை அங்கே இருக்கக்கூடும். ஆனால் அந்த பி.எட்.டோடு உங்கள் பெண் இங்கே எந்த வேலைக்கு விண்ணப்பிப்பார்? எம்.காம். இல்லாததால் முதுகலை ஆசிரியருக்குத் தகுதி இல்லை. பணியிடமே இல்லாததால் பட்டதாரி ஆசிரியராகவும் முடியாது. சி.பி.எஸ்.இ. பள்ளியிலும் பிளஸ் ஒன், பிளஸ் டூ எடுக்க முதுநிலைப் பட்டம் கேட்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்காவது எடுக்கலாமே என்றால், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புக்கு பி.எட். தகுதி ஆகாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. 90 ஆயிரம் கொடுத்து வாங்கும் அந்தக் காகிதத்தை எங்கேயும் காட்ட முடியாது. தரகர் இதைச் சொல்ல மாட்டார். தலைக்கு இவ்வளவு என்று அவருக்கு வரும் கமிஷன் சேர்க்கையன்றே வந்துவிடும்.

இனி, "வகுப்புக்கு வர வேண்டாம்" என்பது. பி.எட். என்பது தினமும் கல்லூரிக்குப் போய்ப் படிக்கும் படிப்பு. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிகளின்படி இரண்டு ஆண்டு. ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், வாரத்துக்கு 36 மணி நேரம். வகுப்புக்கும் செய்முறைக்கும் 80 சதவீத வருகை வேண்டும். இரண்டு ஆண்டிலும் சேர்த்து 20 வாரம் பள்ளியில் கற்பித்தல் பயிற்சி, அதில் 90 சதவீத வருகை. ஆம்பூரில் காலை முதல் மாலை வரை வேலை பார்த்துக்கொண்டு இதை எப்படி நிரப்புவது? பொய்க் கையெழுத்துப் போட்டுத்தான். போகாத பள்ளியின் தலைமை ஆசிரியரிடம் பயிற்சி முடித்ததாகச் சான்று வாங்குவார்கள். பாடக்குறிப்பு ரெக்கார்டு, உளவியல் சோதனை ரெக்கார்டு எல்லாவற்றையும் கூலிக்கு ஆள் வைத்து எழுதுவார்கள். ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பணம் கேட்பார்கள். 90 ஆயிரத்தில் நிற்காது. வருகைக் குறைவுக்கு அபராதம், செய்முறைத் தேர்வுக்கு வருகிறவர்கள் செலவு என்று முழுப் பணமும் கட்டிய பிறகுதான் கணக்கு நீளும். அப்போது சான்றிதழ் அவர்களிடம் இருக்கும், நீங்கள் மறுக்க முடியாது. அசலை முதலிலேயே கேட்பது அதற்காகத்தான்.

அரசு வேலையே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பணியில் சேர்ந்த பிறகு ஒவ்வொரு சான்றிதழுக்கும் உண்மைத்தன்மை கேட்டு அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் போகும். வெளிமாநிலம் என்றால் அந்தக் கடிதம் எந்த மேசையில் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அது வராமல் பணிவரன்முறை, அதாவது வேலையை முறைப்படி உறுதி செய்வது, நடக்காது. நேர்மையாகப் படித்தவர்களே இதற்காக அலுவலகம் அலுவலகமாக அலைகிறார்கள். எல்லாச் சான்றிதழையும் கணினியில் ஏற்றிவிட்டோம் என்று சொல்லும் காலத்திலும் இந்த ஒரு கடிதத்துக்காக ஓர் ஆசிரியர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருப்பது பெரிய அநியாயம். அந்த நிலையில் வருகைப் பதிவு பொய் என்று யாராவது ஒரு புகார் போட்டால் போதும், வேலை போகும்.

"அப்படியானால் தபால் வழியில் பி.எட். படிக்கலாமே" என்று இன்னொருவர் வருவார். தொலைநிலை பி.எட். என்பது ஏற்கெனவே ஆசிரியர் பட்டயப் பயிற்சியை நேரடியாக முடித்தவர்களுக்கும், பயிற்சி பெற்றுத் தொடக்கப் பள்ளியில் பணியில் இருப்பவர்களுக்கும் மட்டும். உங்கள் பெண்ணுக்குப் பொருந்தாது.

அவர் என்ன செய்யலாம்? எம்.காம். படிக்கட்டும். வேலையை விட வேண்டாம் என்றால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ, இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ தொலைநிலையில் படிக்கலாம். பத்து, பிளஸ் டூ, மூன்றாண்டுப் பட்டம் என்று ஒழுங்காகப் படித்து வந்தவருக்குத் தொலைநிலை முதுநிலைப் பட்டம் செல்லும். பிளஸ் டூ படிக்காமல் நேராகத் திறந்தநிலைப் பட்டம் வாங்கியவர்களுக்குத்தான் 2009ஆம் ஆண்டின் 107ஆம் எண் அரசாணை தடை. கல்லூரிக்கே போக முடியும் என்றால் குடியாத்தம் அரசு திருமகள் ஆலைக் கல்லூரியிலும், வேலூர் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரியிலும் நேரில் போய் எம்.காம். சேர்க்கை பற்றி விசாரியுங்கள். அரசுக் கல்லூரிக் கட்டணம் தரகர் கேட்கும் முன்பணத்தை விடக் குறைவாகத்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு பி.எட். தமிழ்நாட்டில் அரசு கல்வியியல் கல்லூரிகள் ஏழு. அதில் ஒன்று வேலூரிலேயே இருக்கிறது. அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகள் இரண்டுக்கும் சேர்த்து மாநிலம் முழுக்க ஏறக்குறைய இரண்டாயிரம் இடங்கள்தான். இவற்றுக்கு ஒரே விண்ணப்பம், இணையவழியில். சென்னை லேடி வெலிங்டன் கல்வியியல் நிறுவனம் வழியாகக் கலந்தாய்வு நடக்கிறது. விண்ணப்பக் கட்டணம் அண்மை ஆண்டுகளில் 500 ரூபாய், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 250. இதற்கு இடைத்தரகர் தேவையே இல்லை. வணிகவியல் இடம் எல்லாக் கல்லூரியிலும் இருக்காது. அதனால் கல்லூரி விருப்பப் பட்டியலைக் கொடுக்கும் முன் எந்தக் கல்லூரியில் அந்தப் பாடம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதைப் பார்க்காமல் பக்கத்து ஊர் என்று குறித்துவிட்டு இடத்தை இழந்தவர்கள் உண்டு. சாதிச் சான்று ஆன்லைனில் எடுத்ததாக இருக்கட்டும். பழைய அட்டையாக இருந்தால் இப்போதே இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்துவிடுங்கள். கலந்தாய்வு வாரத்தில் தாசில்தார் அலுவலகத்தில் நின்று பயனில்லை. ஜவ்வாது மலைப் பிள்ளைகளுக்கு இது இன்னும் பாடு. பழங்குடியினர் சான்றைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அது விசாரணை விசாரணை என்று இழுத்து, சீட்டு போன பிறகு கைக்கு வருவது வெட்கக்கேடு. அவர்கள் ஓராண்டு முன்பே தொடங்கிவிடுவது நல்லது.

கலந்தாய்வில் கிடைக்காமல் தனியார் கல்லூரிக்குப் போக நேர்ந்தால், கட்டும் முன் இரண்டைச் சரிபாருங்கள். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் இணையதளத்தில் அந்தக் கல்லூரிக்கு அங்கீகாரம் இன்று நடப்பில் இருக்கிறதா, அதில் எத்தனை இடம், 50ஆ 100ஆ என்று பாருங்கள். கல்லூரிச் சுவரில் மாட்டியிருக்கும் பழைய ஆணையை நம்பாதீர்கள், அங்கீகாரம் பிறகு ரத்தாகியிருக்கலாம். அடுத்து, தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பட்டியலில் பெயர் இருக்கிறதா பாருங்கள். பணத்தைக் கல்லூரியின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் மட்டும் கட்டி ரசீது வாங்குங்கள். யாருடைய கூகுள் பே எண்ணுக்கும் அனுப்பாதீர்கள். சேரும்போது அசலைக் காட்டினால் போதும். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரிலேயே அறிவித்திருக்கிறது. சேர்க்கையை ரத்து செய்தால் கட்டணம் திரும்பத் தர வேண்டிய அளவும் அதிலேயே இருக்கிறது. சேர்க்கைக் கடைசி நாளுக்கு 15 நாள் முன்பு விலகினால் முழுத் தொகை, அதற்குப் பின் கடைசி நாள் வரை 90 சதவீதம், கடைசி நாள் கழிந்து 15 நாளுக்குள் 80, முப்பது நாளுக்குள் 50. முழுத் தொகை திரும்பும்போது மட்டும் நடைமுறைச் செலவு என்று கொஞ்சம் பிடிக்கலாம், அதுவும் 5,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. அறிவிப்பு இருக்கிறது, பின்பற்ற வைக்கத்தான் ஆளைக் காணோம். அதனால் ரசீது உங்கள் கையில் இருக்க வேண்டும்.

முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்கு ஓராண்டு பி.எட். வரப்போகிறது என்றும் உங்களிடம் சொல்வார்கள். 2025இல் அப்படி ஒரு வரைவு வெளியானது. வரைவைக் காட்டி முன்பதிவு என்று யார் பணம் கேட்டாலும் அவரும் தரகர்தான்.

எம்.காமுக்கும் பி.எட்.டுக்கும் சேர்த்து நான்கு ஆண்டு காத்திருக்க முடியாது, சின்னக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் பிடிக்கும் என்று உங்கள் பெண் சொன்னால் வேறு வழி இருக்கிறது. தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயப் படிப்பு இரண்டு ஆண்டு. அதற்கு பி.காம். தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. ராணிப்பேட்டையில் அரசின் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. முடித்து ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளில் தேறினால் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை எடுக்கலாம். இதுவும் தினமும் போய்ப் படிக்க வேண்டியதுதான். எந்த வகுப்புப் பிள்ளைகளோடு இருக்க ஆசை என்று முதலில் அவரிடமே கேளுங்கள்.

ஒருவேளை இதற்குள் முன்பணமோ சான்றிதழோ கைமாறியிருந்தால், சண்டை போடாமல் "எங்களுக்கு வேண்டாம், திருப்பித் தாருங்கள்" என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள். அவர் பதில் எதுவானாலும் அது சாட்சி. தராவிட்டால் குடியாத்தம் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள். அங்கே இழுத்தடித்தால் திங்கட்கிழமை சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் நாள் மனுவோடு அந்த ரசீதின் நகலையும் வையுங்கள். ஆன்லைனில் பணம் அனுப்பியிருந்தால் அன்றைக்கே 1930க்கு அழையுங்கள், ஒரு நாள் தள்ளினாலும் பணம் கணக்கு மாறிவிடும்.