டாகன்ஹாமில் மட்டும் ஏன் இத்தனை பிள்ளைகள்?

கேள்வி: 1933இல் இங்கிலாந்தின் பிறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 14.4, மண விகிதம் ஏறக்குறைய 16. ஒரு கல்யாணத்துக்கு ஒரு பிள்ளைகூட இல்லை! அதே காலத்தில் லண்டனை ஒட்டிய டாகன்ஹாம் நகரப் பகுதியில் மட்டும் பிள்ளைகள் நிரம்பி வழிந்தார்கள். படிப்பில்லாத தொழிலாளர்கள் கட்டுப்பாடின்றிப் பெற்றுத் தள்ளியதுதானே காரணம்? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

பதில்: முதலில் உங்கள் வகுத்தலைப் பார்ப்போம். அந்த நாட்டுப் பதிவுத் துறை மண விகிதம் என்று சொன்னது கல்யாணங்களை அல்ல, மணந்துகொண்ட ஆட்களை. மணமகன் ஒரு தலை, மணமகள் ஒரு தலை. 16 என்றால் ஆயிரம் பேருக்கு 8 கல்யாணம்தான். இப்போது மறுபடி வகுத்துப் பாருங்கள். கல்யாணத்துக்கு ஏறத்தாழ இரண்டு பிள்ளை வரும். 1920இல் ஒன்பதரை லட்சத்தைத் தாண்டியிருந்த பிறப்புகள் 1933இல் 5.8 லட்சமாகச் சரிந்தது உண்மை. ஆனால் நீங்கள் அலறும் அளவுக்கு அல்ல.

டாகன்ஹாமுக்கு வருவோம். 1921இல் அங்கே பத்தாயிரம் பேர்கூட இல்லை. 1931இல் 89 ஆயிரம் பேர். இவ்வளவு பேரும் அங்கேயே பிறந்துவிடவில்லை ஐயா! முதல் உலகப் போருக்குப் பின் லண்டனின் உள்ளாட்சி மன்றமான லண்டன் கவுன்ட்டி கவுன்சில் அங்கே பெக்கன்ட்ரீ என்ற மாபெரும் குடியிருப்பைக் கட்டியது. நகரத்தின் நெரிசலில் கிடந்த குடும்பங்களைக் குடியேற்றியது. வீடு யாருக்குக் கிடைத்தது? பெரும்பாலும் நிலையான கூலியும் கைக்குழந்தைகளும் உள்ள இளம் தம்பதிகளுக்கு. தாத்தா பாட்டிகள் பழைய தெருக்களிலேயே தங்கிவிட்டார்கள். பிள்ளை பெறும் வயதுப் பெண்களை ஓரிடத்தில் கூட்டிவைத்துவிட்டு ஆயிரத்துக்கு எத்தனை பிறப்பு என்று எண்ணினால் விகிதம் ஏறத்தானே செய்யும்? ஓய்வு பெற்றவர்கள் போய்ச் சேரும் போர்ன்மத் போன்ற கடற்கரை ஊரில் அதே கணக்கைப் போட்டால் அது இறங்கும். அதற்காகப் போர்ன்மத்காரர்களுக்குப் புலனடக்கப் பட்டமா கொடுப்பீர்கள்?

டாகன்ஹாமின் கல்யாணக் கணக்கைக் கொண்டு அந்தப் பிறப்புகளை அளக்கவும் முடியாது. குடியேறியவர்கள் மணம் முடித்தபின் வந்தவர்கள். மணப்பெண்ணின் ஊர்த் தேவாலயத்தில் மணம் நடப்பதே வழக்கம் என்பதால், அவர்கள் கல்யாணம் லண்டனின் ஏதோ ஒரு பழைய தெருவின் கணக்கில் பதிவாகியிருக்கும். பிள்ளை மட்டும் டாகன்ஹாம் கணக்கில்.

‘படிப்பில்லாதவர்கள்’ என்ற உங்கள் முடிவு என்னைக் கொஞ்சம் எரிச்சலூட்டியது. லங்காஷயர் பருத்தி ஆலைத் தொழிலாளர்களின் குடும்பங்கள் முதல் உலகப் போருக்கு முன்பே சிறுத்துவிட்டன. பெண்ணும் ஆலைக்குப் போகும் வீட்டில் பத்துப் பிள்ளைக்கு இடமேது? கருத்தடைக்காகக் குரல் கொடுத்த மேரி ஸ்டோப்ஸ் 1921இல் தம் கருத்தடை மருத்துவமனையைத் திறந்ததும் சீமாட்டிகள் வாழும் பேட்டையில் அல்ல, வட லண்டனில் தொழிலாளர்கள் வாழ்ந்த ஹாலோவேயில். அரசுதான் தயங்கி நின்றது. இன்னொரு பிரசவம் உடலுக்கு ஆகாது என்ற நிலையிலுள்ள மணமான பெண்களுக்கு மட்டும் உள்ளாட்சிகளின் தாய்சேய் நல நிலையங்களில் கருத்தடை ஆலோசனை தரலாம் என்று சுகாதார அமைச்சகம் அனுமதித்ததே 1930இல்தான்.