லொறியைக் காப்பாற்ற வீட்டை ஈடு வைக்கலாமா?

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு, திருகோணமலை பாலையூற்றில் இருந்து எழுதுகிறேன். என் கணவர் 2023இல் லீசிங் போட்டு ஆறு சில்லு லொறி ஒன்று எடுத்தார், பழைய லொறிதான். கந்தளாய் ஆலைகளில் அரிசி ஏற்றிக்கொண்டு கொழும்பு புறக்கோட்டைக்குப் போவார். ஒரு ஹயருக்கு 78,000 ரூபாய். முன்பு மாதம் எட்டு ஹயர் ஓடியவர், இப்போது ஐந்து ஓடினாலே பெரிய விஷயம். தவணை 98,000. மூன்று தவணை நிலுவை. ஹயர் பிடித்துக் கொடுக்கிறவர் மூன்று ஹயர் காசை இன்னும் தரவில்லை, அதனால் டீசலுக்கு இவர் ஒருவரிடம் மாதம் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு இரண்டு இலட்சம் வாங்கியிருக்கிறார். போன கிழமை லீசிங் ஆட்கள் வீட்டு வாசலுக்கே வந்தார்கள், அயலவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் சீதன வீட்டு உறுதிப் பத்திரத்தை ஈடு வைத்து 15 இலட்சம் எடுத்தால் எல்லாவற்றையும் கட்டி முடித்து மூச்சு விடலாம் என்கிறார். எஞ்சியிருக்கும் நகை தாலிக்கொடியும் ஒரு சோடி காப்பும்தான். லொறியை விட்டுவிட்டுக் கட்டாருக்குப் போகச் சொல்கிறார் அண்ணா. செலவைக் குறைக்க கிளீனரையும் நிறுத்திவிட்டு இரண்டு மாதமாக இவர் தனியாகத்தான் ஓடுகிறார். மூத்தவள் அடுத்த வருடம் ஓ.எல். எழுத வேண்டும். நான் கையெழுத்து வைக்கவா?

பதில்:

தங்கச்சி, வைக்க வேண்டாம். இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாக வாசியுங்கள், வாசித்த பிறகு அவரையும் பக்கத்தில் இருத்தி இன்னொரு தடவை வாசியுங்கள், ஏனென்றால் இது உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதுகிற பதில்.

முதலில், உங்கள் கணவர் சோம்பேறியும் இல்லை, கணக்குத் தெரியாதவரும் இல்லை. அவர் லொறி எடுத்த நேரம்தான் பிழைத்துவிட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், அது முழுதாகத் திறந்தது 2025இல்தான். இடைப்பட்ட காலத்தில் பழைய லொறிக்கெல்லாம் தங்க விலை. 2022இல் மத்திய வங்கி வட்டியை மேலே மேலே ஏற்றியது, 2023 ஜூனில்தான் இறக்கத் தொடங்கியது. ஆக அவர் வாங்கியபோது விலையும் உச்சம், வட்டியும் உச்சம். 2021 கடைசியில் லீற்றர் 121 ரூபாயாக இருந்த டீசல் 2022 ஜூன் கடைசியில் 460 ரூபாய்க்கு நின்றதையும், லொறிக்காரர்கள் வரிசையில் நாள் கணக்கில் லொறிக்குள்ளேயே படுத்துக் கிடந்ததையும் உங்கள் வீட்டில் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் காலத்தைத் தாண்டி வந்த மனுசனிடம் "உன்னால்தான் இப்படி" என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். கடிதத்தில் ஹயர் எவ்வளவு, தவணை எவ்வளவு என்று எழுதியிருக்கிறீர்கள், இடையில் என்ன நடக்கிறது என்பது இல்லை. பரவாயில்லை, நான் அண்ணளவாகப் போட்டுப் பார்க்கிறேன், உங்கள் உண்மையான எண்ணை நீங்கள் வைத்துத் திருத்துங்கள். வீட்டில் இருந்து கந்தளாய் போய் ஏற்றி, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் தாண்டிக் கொழும்பில் இறக்கித் திரும்பி வர 520 கிலோமீற்றர் வரும். லீற்றருக்கு நான்கு கிலோமீற்றர் என்றால் 130 லீற்றர், 37,000 ரூபாய். கிளீனருக்கு 4,000, ஹயர் பிடித்துக் கொடுத்தவரின் கொமிஷன் 4,000, புறக்கோட்டையில் மூட்டை இறக்கும் நாட்டாமைமாருக்கு 4,000, வழியில் சாப்பாடு தேத்தண்ணி 3,000. எல்லாம் போக ஒரு ஹயரில் கையில் நிற்பது 26,000. மாதம் ஐந்து என்றால் 1,30,000. தவணை 98,000 போனால் மிச்சம் 32,000.

"சரி, 32,000 மிச்சம்தானே" என்று அவர் சொல்வார். லொறிக்காரர் வீடுகளில் ஏமாறுகிற இடம் இதுதான். அந்த 32,000 உங்களுடையது இல்லை, அது டயருடையது. ஆறு டயர், ஒன்று 80,000 என்று வைத்தாலும் 4,80,000, ஒன்றரை வருடம் ஓடினால் மாதத்துக்கு 27,000 தேய்கிறது. அந்தக் காசை யாரும் வந்து கேட்பதில்லை, டயர் வாய் திறந்து பேசாது, அதனால் அது அரிசியாகவும் டியூஷன் காசாகவும் மாறிவிடுகிறது. ஒரு நாள் திடீரென்று டயர் போகும், அன்றைக்கு வட்டிக்காரரிடம் ஓட வேண்டிவரும். அப்புறம் ஒயில், ஃபில்டர், இன்ஷூரன்ஸ், வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, தகுதிச் சான்றிதழ், எல்லாவற்றையும் மாதக் கணக்காகப் பிரித்தால் இன்னொரு 15,000. ஆக வீட்டில் உலை வைப்பதற்கு முதலே மாதம் 10,000 துண்டு விழுகிறது. இரண்டு இலட்சத்துக்கு நூற்றுக்குப் பத்து வட்டி 20,000, அதையும் சேர்த்தால் 30,000.

என் அப்பாவும் லொறிதான் ஓடினார், பெட்ஃபோர்ட். விடியப்புறம் நான்கு மணிக்கு டோர்ச்சும் இரும்புக் கம்பியும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சில்லாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு போவார், பின் உள் டயர் மட்டும் மொத்தென்று ஒரு சத்தம் போடும், அன்றைக்கு அவர் பேசவே மாட்டார். ஒரு தடவை குனிந்து பார்த்தேன், ரப்பர் தேய்ந்து போய்க் கம்பி நூல் நூலாக வெளியே தெரிந்தது. அதோடுதான் அடுத்த ஹயருக்கும் போனார். அம்மாவுக்கு அது தெரியாது, அப்பா சொல்லவில்லை. உங்களுக்கும் நிறையச் சொல்லாமல் விட்டிருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன், கோபிக்க வேண்டாம், பயத்தில் மறைக்கிறார்கள்.

இப்போது 15 இலட்சத்துக்கு வருகிறேன். நீங்கள் உறுதியை ஈடு வைத்து நிலுவை முழுவதையும் கட்டிவிட்டீர்கள் என்று வையுங்கள். அடுத்த மாதம் அதே ஐந்து ஹயர், அதே 98,000, அதே துண்டு விழுகிற கணக்கு, அதோடு ஈட்டு வட்டியும். ஆறு ஏழு மாதத்தில் திரும்ப இதே வாசலில் இதே ஆட்கள் நிற்பார்கள், அன்றைக்கு உங்களுக்கு வீடும் இருக்காது. சீதன வீடு என்று பெண்பிள்ளைக்கு எழுதிக் கொடுப்பதே எந்தக் காற்றடித்தாலும் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு கூரை நிற்க வேண்டும் என்பதற்காகத்தானே. உங்கள் அம்மா அப்பா எவ்வளவு பாடுபட்டுக் கட்டியிருப்பார்கள். லொறி போனால் இன்னொன்று எடுக்கலாம், வாடகை லொறி ஓடலாம். உறுதி போனால் மூத்தவளின் ஓ.எல். அலைச்சலில் போகும்.

அப்படியென்றால் என்ன செய்வது. முதலில் அந்த நூற்றுக்குப் பத்தை முடியுங்கள், லீசிங்குக்கும் முதல். வருடத்துக்கு 120 வீதம் அது, எந்த லீசிங்கும் எந்த வங்கி அடகும் கிட்ட வராது. தாலிக்கொடியைத் தொடாதீர்கள், காப்புச் சோடியை எடுங்கள். இன்றைய பவுண் விலைக்கு அடகு வைப்பதை விட விற்றுக் கட்டிவிடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது, அடகு வைத்தால் அதற்கும் ஒரு தவணைத் திகதி வந்து தலையில் உட்காரும். மனசு கனக்கும், தெரியும். காசைக் கொடுக்கும்போது வட்டிக்காரர் எழுதி வாங்கிய தாளையும், காசோலை ஏதும் கொடுத்திருந்தால் அதையும் கையோடு திரும்ப வாங்குங்கள்.

அடுத்தது, அந்த மூன்று ஹயர் காசு. 2,34,000 ரூபாய். கவனித்தீர்களா, அந்தக் காசு கையில் வந்திருந்தால் இரண்டு இலட்சம் கடனே தேவைப்பட்டிருக்காது. ஹயர் பிடித்துக் கொடுக்கிறவருக்கு உங்கள் வீடு வட்டியில்லாமல் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறது, அதற்கான வட்டியை மாதம் 20,000 படி நீங்கள் கட்டுகிறீர்கள். இதை அவரிடம் முகத்துக்கு நேரே, சண்டை இல்லாமல், எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். இனி ஏற்றும்போது டீசல் காசாவது முன்பணமாக வேண்டும், மிச்சம் இறக்கிய கிழமைக்குள் வேண்டும் என்று உங்கள் கணவர் சொல்லட்டும். "அப்படிக் கேட்டால் அடுத்த ஹயரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்" என்று பயப்படுவார். கொடுத்தால் கொடுக்கட்டும், காசு வராத ஹயர் ஓடுவதை விட லொறியை முற்றத்தில் நிறுத்தினால் 130 லீற்றர் டீசலாவது மிஞ்சும். ஒவ்வொரு லோட்டுக்கும் இறக்கிய துண்டில் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறாரா என்று பாருங்கள், இல்லையென்றால் இன்றைக்கே தொடங்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, திரும்பி வரும் லொறி. எழுதவில்லை, ஆனாலும் வெறுமனே வருகிறது என்றுதான் கணக்கு சொல்கிறது. ஐந்தில் மூன்று தடவையாவது கொழும்பில் இருந்து கடைச் சாமானோ தம்புள்ளையில் இருந்து மரக்கறியோ திருகோணமலைக்கு ஏற்றினால், அரை விலைக்கும் குறைவாக 30,000 ரூபாய்க்குத்தான் கிடைத்தாலும், மேலதிக டீசலும் இறக்குக்கூலியும் போக 22,000 நிற்கும். மூன்றுக்கு 66,000. துண்டு விழுகிற வீட்டைத் தூக்கி நிறுத்துவது அதுதான். இது தனியாளாக முடியாது. பாலையூற்றிலும் கன்னியாவிலும் கிண்ணியாவிலும் எத்தனை லொறிக்காரர், எல்லாரும் வெறும் லொறியோடு திரும்புகிறார்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஒருவருக்கொருவர் போன் பண்ணி லோட் சொல்லிக்கொண்டாலே கொமிஷனும் மிஞ்சும்.

லீசிங் கம்பனிக்கு நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே போங்கள், நான்காவது தவணை விழுவதற்கு முதல். போன மூன்று மாதக் கணக்கு எழுதிய கொப்பியும் வர வேண்டிய ஹயர் துண்டுகளும் கையில் இருக்க வேண்டும். கேட்க வேண்டியது, தவணைக் காலத்தை நீட்டி மாதத் தொகையைக் குறைப்பது, அதிலும் பெரும்போக, சிறுபோக அறுவடை முடிந்து ஆலைகள் ஓடும் மாதங்களில் கூடுதலாகவும், மாரியில் லோட் படுக்கும் மாதங்களில் குறைவாகவும் கட்ட விடுவார்களா என்பது. கால நீடிப்பில் மொத்த வட்டி கூடும், எவ்வளவு கூடும் என்று எழுத்தில் கேளுங்கள். வீட்டுக்கு வருகிறவர் கையில் ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பதிவுத் தபாலில் வரும் கடிதத்தைப் பயந்து திருப்பி அனுப்பாதீர்கள். எழுத்தில் முறைப்பாடு கொடுத்தும் மரியாதையாகப் பதில் வரவில்லை என்றால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம், நிதிசார் ஒம்புட்ஸ்மனும் இருக்கிறார். ஒப்பந்தத்தை எடுத்து, பிணை நின்றவர் யார் என்றும் பாருங்கள். உங்கள் பெயரோ அண்ணாவின் பெயரோ இருந்தால் அவர்களையும் தேடி வருவார்கள், தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இத்தனையும் செய்து மூன்று மாதத்திலும் கணக்கு ஒட்டவில்லை என்றால் லொறியை விடத்தான் வேண்டும், ஆனால் பறித்துக்கொண்டு போக விடாதீர்கள். அவர்கள் தூக்கி ஏலத்தில் விற்றால் விலை அடிபடும், மிச்சக் கடன் உங்கள் தலையில்தான் நிற்கும். கம்பனியிடம் சொல்லி, அவர்களின் சம்மதத்தோடு, நீங்களாக ஆள் பார்த்து விற்பது வேறு. "தவணையை நான் கட்டுகிறேன், லொறியைத் தா" என்று யாராவது வந்தால் பெயர் மாறாமல் சாவியைக் கொடுக்கவே வேண்டாம், அவர் கட்டாமல் விட்டாலும் விபத்து நடந்தாலும் கேஸ் உங்கள் கணவர் பெயரில்தான்.

கட்டார் பற்றி அண்ணா சொல்வது பிழை இல்லை, கனரக வாகன லைசென்ஸ் உள்ளவருக்கு வேலை இருக்கும். ஆனால் கடனைப் பேசித் தீர்க்காமல் போனால் அந்த ஆட்கள் வாசலில் நிற்கும்போது நீங்கள் தனியாக நிற்பீர்கள். அதனால் அது பிறகு.

கடைசியாக ஒன்று, உங்கள் கடிதத்தில் எனக்கு நித்திரை வராமல் பண்ணியது வேறு ஒரு வரி. கிளீனரை நிறுத்திவிட்டார் என்று எழுதியிருந்தீர்களே, அது. கந்தளாயில் பின்னேரம் ஏற்றி, இரவிரவாக ஓடி, ஹபரணைப் பக்கம் யானை கடக்கும் காட்டு வழியில் தனியாக, தலையில் இத்தனை கடனோடு. கண் சொருகும்போது "அண்ணை, தேத்தண்ணி குடிப்பமா" என்று கேட்க ஒரு பொடியன் பக்கத்தில் இருக்க வேண்டும். 4,000 ரூபாய் மிச்சம் பிடிக்கிற இடம் அது இல்லை. நான் போட்ட கணக்கில் அதனால்தான் கிளீனர் காசையும் வைத்தேன், அதை வெட்டாதீர்கள். அந்தப் பொடியனை இந்த ஹயருக்கே திரும்பக் கூப்பிடச் சொல்லுங்கள். அவர் புறப்பட முதல் ஒரு சிஆர் கொப்பி வாங்கி லொறிக்குள் வைத்து விடுங்கள், போகிற வழியில் டீசல் துண்டில் இருந்து தேத்தண்ணி வரை பொடியன் எழுதட்டும், வந்ததும் நீங்கள் கூட்டிப் பாருங்கள். மூன்று மாதம் கழித்து அந்தக் கொப்பியில் என்ன இருந்தது என்று எனக்கு எழுதுங்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.