பச்சைச் சட்னியும் குப்பைக்குப் போகும் தண்டும்

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். இரண்டு தட்டுவடைக்கு நடுவே காயும் சட்னியும் வைத்துத் தின்னும் தட்டுவடை செட்டுக்கான பச்சைச் சட்னியை வீட்டிலேயே அரைப்போம். கொத்தமல்லியை இலை இலையாகக் கிள்ளி, புதினா, பச்சை மிளகாய், இஞ்சி, எலுமிச்சை சேர்த்து அரைப்பேன். இங்கே ஓரளவு நன்றாக வருகிறது. போன வாரம் சேலம் அம்மாப்பேட்டையில் அக்கா வீட்டில் அதே அளவில் அரைத்தேன். அரை மணி நேரத்தில் கறுத்துவிட்டது. லேசான கசப்பு வேறு. தண்ணீர் பிரிந்து தட்டுவடையெல்லாம் ஊறிப்போய், பிள்ளைகள் தொடவே இல்லை. அக்காவின் மிக்ஸி பழசு, அதுதான் காரணமா? புதிதாக எத்தனை வாட்ஸ் வாங்கலாம்? ஆப்பசோடா ஒரு சிட்டிகை போட்டால் பச்சை நிற்குமாமே, போடலாமா?

ஒரு வாசகி, ஏற்காடு

அன்புள்ள சகோதரிக்கு,

மிக்ஸியை விடுங்கள். பிளேடு மழுங்காமல் இருந்தால் 500 வாட்ஸே இந்தச் சட்னிக்குப் போதும். சோடா கூடவே கூடாது. பச்சை நிற்கும், உண்மைதான். ஆனால் இலை கொழகொழத்து, சவுக்கார வாடை வந்து, பிழிந்த எலுமிச்சையின் புளிப்பும் செத்துப்போகும். பார்க்க மட்டும் பச்சையாக இருப்பதைப் பிள்ளைகளுக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது ‘இலை இலையாகக் கிள்ளி’ என்ற மூன்று சொற்கள்தான். கொஞ்ச நாளாகவே இதை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நேரம் உட்கார்ந்து கிள்ளிய உங்கள் பொறுமை பெரிது. ஆனால் அந்தப் பொறுமையால்தான் சட்னி கெட்டது. தண்டைக் குப்பையில் போட்டீர்கள் அல்லவா? மணமும் சாறும் அதிலும்தான் இருந்தன.

ஜாருக்குள் நடப்பதைப் பாருங்கள். வெறும் இலையைத் திணித்தால் அது பிளேடுக்கு மேலேயே குடை மாதிரி நின்றுவிடும். அடியில் பிளேடு காற்றில் சுற்றும். நீங்கள் மூடியைத் திறந்து அரை டம்ளர் தண்ணீர் ஊற்றுவீர்கள். இலை இறங்கும், ஆனால் நீரில் மிதந்து மிதந்து தப்பிக்கும். அதனால் இரண்டு நிமிடம் ஓட்டுவீர்கள். ஜார் சூடாகும். அந்தச் சூட்டில் பச்சை மங்கும், மணம் பறக்கும், புதினா கறுத்துக் கசக்கும். ஊற்றிய தண்ணீர் பிறகு தட்டில் பிரிந்து வந்து நிற்கும். உங்கள் மூன்று புகாருக்கும் வேர் இந்த ஒரே இடம்.

தண்டு இருந்தால் கதை வேறு. பொடியாக நறுக்கிய தண்டு முதலில் மசிந்து, பிளேடைச் சுற்றி ஈரமான ஒரு படுகை கட்டும். மேலே போடும் இலையை அதுவே உள்ளே இழுத்துக்கொள்ளும். தண்ணீரும் கம்மி, நேரமும் கம்மி. வேரையும் அதற்கு மேலே ஒரு விரற்கடை வெள்ளைப் பகுதியையும் மட்டும் வெட்டுங்கள். தண்டை நகத்தால் அழுத்தினால் சட்டென்று ஒடிய வேண்டும். நார் இழுத்தால், அல்லது இலை சோம்பு இலை போலச் சன்னமாகிப் பூ விட்டிருந்தால், அந்தக் கட்டு ரசத்துக்கு. புதினாவுக்கு மட்டும் இந்த நியாயம் கிடையாது. அதன் தண்டு நார், கசப்பு. இலையை உருவிக்கொண்டு தண்டை எறிந்துவிடுங்கள்.

அளவு சொல்கிறேன். தண்டோடு சுத்தம் செய்த கொத்தமல்லி 100 கிராம், புதினா இலை 20 கிராம், பச்சை மிளகாய் 7, சுண்டுவிரல் நுனி அளவு இஞ்சி, பூண்டு 2 பல், சீரகம் அரை டீஸ்பூன், பொட்டுக்கடலை ஒன்றரை டேபிள்ஸ்பூன், உப்பு முக்கால் டீஸ்பூன், எலுமிச்சை அரை மூடி. மாங்காய்க் காலத்தில் எலுமிச்சைக்குப் பதில் புளிப்பான மாங்காய்த் துண்டு நான்கு போடலாம். மிளகாயைக் கழுவிய பிறகே காம்பைக் கிள்ளுங்கள், இல்லாவிட்டால் உள்ளே தண்ணீர் ஏறும்.

கீரையை அகலப் பாத்திரத்தில் மூன்று தண்ணீரில் அலசி, கையால் அள்ளி எடுங்கள். பாத்திரத்தைச் சாய்த்து வடித்தால் அடியில் தங்கிய மண் திரும்பவும் இலை மேலேயே வந்து உட்காரும். துணியில் உதறி ஈரம் போக்குங்கள். காய்ந்த ஜாரில் பொட்டுக்கடலையை முதலில் பொடியுங்கள். தண்ணீரைப் பிடித்து வைப்பது அதுதான். கடைசியில் போட்டால் திப்பித் திப்பியாக நிற்கும். அடுத்து மிளகாய், இஞ்சி, பூண்டு, சீரகம், உப்பு, நறுக்கிய தண்டு, மாங்காய் போடுவதானால் அதுவும், இரண்டு ஸ்பூன் குளிர்ந்த தண்ணீர். விழுதானதும் இலைகளும் நான்கு ஐஸ் கட்டியும். விட்டு விட்டு ஐந்தைந்து நொடி ஓட்டுங்கள், நடுவில் கரண்டியால் தள்ளிவிடுங்கள். மொத்தம் முப்பது நொடிக்கு மேல் போகக் கூடாது. ஜாரின் அடியைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பு தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். எலுமிச்சையை ஜாரில் பிழியாதீர்கள், விதை அரைபட்டால் கசக்கும். தனியே பிழிந்து, வடிகட்டி, பரிமாறும்போது கலக்குங்கள். புளிப்பு பட்டு நேரமாக ஆகப் பச்சை பழுப்பேறும்.

தட்டில் ஒரு ஸ்பூன் வைத்து நடுவில் விரலால் கோடு இழுங்கள். கோடு அப்படியே நின்று, ஓரத்தில் நீர் கசியாமல் இருந்தால் செட்டுக்குப் பதம் சரி. காரம் தூக்கலாகிவிட்டால் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை, மிளகாய்க் காரம் தண்ணீரில் கரையாது. ஒரு ஸ்பூன் கெட்டித் தயிரோ தேங்காயோ சேருங்கள். அப்படிச் சேர்த்ததை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். மற்றபடி எலுமிச்சை கலக்காததைக் கண்ணாடிப் பாட்டிலில் அழுத்தி நிரப்பி, மேலே எண்ணெய் ஒரு மெல்லிய படலம் விட்டு, பிரிட்ஜில் இரண்டு மூன்று நாள் வைக்கலாம். நிறம் நிற்கும், மணம் குறையும். இலையை நசுக்கியதுமே அதன் மணம் கரையத் தொடங்கிவிடுகிறது.

ஏற்காட்டில் மட்டும் ஏன் சரியாக வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். நீங்கள் இருப்பது சுமார் 1,500 மீட்டர் உயரத்தில். அக்கா இருப்பது 300 மீட்டருக்கும் கீழே. செய்த தவறு இரண்டு இடத்திலும் ஒன்றுதான், உங்கள் ஊர்க் குளிர் அதை மூடி மறைத்தது. கோடையில் அம்மாப்பேட்டை மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் பகலில் கையையே சுடும். அதை ஊற்றித்தானே அரைத்தீர்கள்? அடுத்த முறை போகும்போது அக்காவிடம் முதல் நாள் ராத்திரியே ஒரு சொம்பு குடிதண்ணீரைப் பிரிட்ஜிலும் ஐஸ் தட்டை ஃப்ரீசரிலும் வைக்கச் சொல்லுங்கள். மிக்ஸி ஜாரையும் அரை மணி நேரம் பிரிட்ஜுக்குள் வைத்து எடுக்கட்டும்.